உங்கள் நாய் பதவிக்கு ஆசைப்படவில்லை

நாய் வளர்க்க ஆரம்பித்தால் முதலில் வந்து சேர்வது தடுப்பூசி அட்டை, அடுத்தது அறிவுரை. சோபாவில் ஏறவிடாதீர்கள், வாசலைத் தாண்டும்போது நீங்கள்தான் முதலில் போக வேண்டும், அது சாப்பிடும்போது தட்டுக்குள் கையை விட்டுப் பழக்குங்கள், உறுமினால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர், பெரியப்பா மகன், யூடியூபில் வரும் தொப்பிக்காரர் எல்லாரும் இதையே சொல்வார்கள். இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்தான். வீட்டில் தலைவர் பதவி ஒன்று காலியாக இருக்கிறது, அதில் நீங்கள் உட்காராவிட்டால் நாய் உட்கார்ந்துவிடும். இந்த எண்ணம் தவறு, அதுவும் யாராவது கடிபடும் அளவுக்குத் தவறு. முதல்முறையாக நாய் வளர்ப்பவர்களை மனதில் வைத்து, நாயின் நடத்தை உண்மையில் எப்படி உருவாகிறது, அடி உதை இல்லாமல் அதை எப்படி மாற்றலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆல்ஃபா கதை எங்கிருந்து வந்தது

1947ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், பாசல் நகர மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தப்பிப் போக வழியில்லாத சின்ன இடத்தில் அடைபட்ட ஓநாய்கள் சண்டை போட்டன, மிரட்டின, ஒன்றை ஒன்று அடக்கின. கூட்டம் என்றால் இப்படித்தான், உச்சியில் சண்டையில் ஜெயித்த தலைவன், அதாவது "ஆல்ஃபா", இருப்பான் என்ற படம் அங்கிருந்து உருவானது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல் எழுதிய புத்தகம் அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் கூடவே இருந்து கவனித்தார். அங்கே பதவிச் சண்டை எதுவும் இல்லை. கூட்டம் என்பது ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோர் வழிநடத்தின, பிள்ளைகள் பின்னால் போயின, வளர்ந்ததும் பிரிந்து தனிக் குடும்பம் தேடிப் போயின. 1999ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதியதோடு, தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்றும் பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். அந்தக் கருத்தை ஊரெங்கும் பரப்பியவரே திரும்பப் பெற்றுக்கொண்டார், நம் பேச்சுதான் இன்னும் 1970லேயே நிற்கிறது.

இன்னொன்று, நாய் ஓநாய் இல்லை. 14,000 வருடங்களுக்கும் மேலாக அது மனிதனோடு வாழ்கிறது. நம் தெருநாய்களையே பாருங்கள், ஓநாய் மாதிரி கூட்டமாகச் சேர்ந்து மான் வேட்டையா ஆடுகின்றன? குப்பைத்தொட்டி, டீக்கடை, கறிக்கடை வாசல் என்று மனிதர்களை ஒட்டித்தான் அவற்றின் பிழைப்பு. விலங்கு நடத்தையைப் படித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், நாயை அடக்கி ஆளும் இந்த முறை வேண்டாம் என்று 2008லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

அப்படியென்றால் நாய் என்னதான் கணக்குப் போடுகிறது?

இரண்டே கேள்விகள். ஒன்று, இதைச் செய்தால் எனக்கு என்ன கிடைக்கும்? இரண்டு, இது எனக்குப் பாதுகாப்பானதா? நீங்கள் அடம், திமிர், பொறாமை, பழிவாங்கல் என்று பெயர் வைக்கும் பெரும்பாலான விஷயங்கள் இந்த இரண்டில் ஒன்றுக்கு நாய் கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில்தான். சோபாவில் ஏறுவது சோபா மெத்தென்று இருப்பதால். வாசலில் உங்களுக்கு முன்னால் ஓடுவது வெளியே நல்ல வாசனை வருவதால்.

பலன் கிடைத்தது நிலைக்கும்

முதல் கேள்வியைப் புரிந்துகொள்ள வீட்டு டிவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் சேனல் மாறுகிறது, அதனால் அழுத்துகிறோம். எந்தப் பொத்தான் வேலை செய்யவில்லையோ அதை நாளாவட்டத்தில் விட்டுவிடுகிறோம். நாயும் தன் நடத்தைகளை இப்படித்தான் வைத்திருக்கிறது. குரைப்பது ஒரு பொத்தான், தாவுவது ஒரு பொத்தான், அமைதியாக உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பதும் ஒரு பொத்தான். எதை அழுத்தினால் வேலை நடக்கிறது என்று அது நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு செயலுக்குப் பிறகு நடக்கும் ஏதோ ஒன்று, அந்தச் செயலை மறுபடி மறுபடி செய்ய வைத்தால் அதற்கு வலுவூட்டல் என்று பெயர். 1898ல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு, அவை தாழ்ப்பாளைத் திறக்க எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்ததிலிருந்து இந்த விதி உறுதியாக நிற்கிறது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள், வலுவூட்டல் என்றால் பிஸ்கட் என்று நினைக்கிறார்கள். நாய்க்கு நீங்கள் திரும்பிப் பார்த்தாலே வலுவூட்டல். "ஏய், இறங்குடா" என்று கத்தி இரண்டு கையாலும் தள்ளுவது நமக்குத் திட்டு, அதற்கு விளையாட்டு. கதவு திறப்பது, பந்து பறப்பது, பூனை ஓடுவது எல்லாம் வலுவூட்டல்தான்.

கொரியர்காரரைப் பார்த்துத் தினமும் குரைக்கும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வருகிறார், இது குரைக்கிறது, அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்ததால் போகிறார் என்று நமக்குத் தெரியும். நாயின் கணக்கில் "நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்". ஆன்லைனில் நிறைய வாங்கும் வீடு என்றால் நாய்க்கு ஒரு நாளைக்கு நாலு வெற்றி. அந்தக் குரைப்பு எப்படி நிற்கும்?

ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்கிறோம்? உடனே தூக்கியா எறிகிறோம்? இன்னும் பலமாக அழுத்துகிறோம், உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுகிறோம், எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்று அழுத்துகிறோம். இதுவரை பலன் தந்த நடத்தை திடீரென்று பலன் தராமல் போனால் நாயும் அப்படித்தான். சாப்பாட்டு மேசை பக்கத்தில் கெஞ்சிக் குரைத்தால் இனி ஒன்றும் கிடையாது என்று நீங்கள் முடிவெடுத்தால், முதல் சில நாள் குரைப்பு அதிகமாகும். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் "இது சரிப்பட்டு வராது" என்று கைவிடுகிறார்கள். அதைவிட மோசம், சத்தம் தாங்க முடியாமல் தாத்தா ஒரு துண்டு தோசையைப் போட்டுவிடுகிறார். பத்து தடவைக்கு ஒரு தடவை வேலை செய்யும் ரிமோட்டை யாருமே விடுவதில்லை, அழுத்திக்கொண்டேதான் இருப்போம். எப்போதாவது கிடைக்கும் தோசைத்துண்டு, தினமும் கிடைப்பதைவிடப் பிடிவாதமான பழக்கத்தை உண்டாக்கும். ஆகவே நாயைப் பழக்குவதற்கு முன் வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும், என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியிலும் கஷ்டமான பகுதி அதுதான்.

இதுவரை சொன்னது: நாய் பலன் தருவதைச் செய்கிறது. பிடிக்காத நடத்தை ஒன்று தொடர்ந்தால் அதற்கு யார், எதை, எப்போது கொடுக்கிறார்கள் என்று தேடுங்கள்.

பயம் வேறு கணக்கு

இரண்டாவது கேள்வி, பாதுகாப்பு. இதில் நாய் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, உடம்பே முடிவெடுத்துவிடுகிறது. ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904ல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். ஒன்று நடந்ததும் அடுத்தது நடக்கும் என்று உடம்பு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பி.எட். படித்தவர்களுக்கு இதை ஆக்கநிலையிறுத்தம் என்று சொன்னால் தெரியும், மற்றவர்கள் பயப்பட வேண்டாம், இனி அந்தச் சொல் இங்கே வராது.

எச்சில் போலவே பயமும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கால்நடை மருத்துவமனையில் ஒரு ஊசி, அடுத்த முறை அந்தத் தெரு திரும்பும்போதே நடுக்கம். தீபாவளிக்கு ஒரு அணுகுண்டு காதருகே வெடித்தால், பிறகு ஊதுபத்திக்குத் தீக்குச்சி உரசினால்கூடச் சில நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இங்கே ஒரு பெரிய தப்பெண்ணம் உலவுகிறது. பயப்படும் நாயை அணைத்து ஆறுதல் சொன்னால் பயத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும், பயம் அதிகமாகும் என்கிறார்கள். ஆகாது. பயம் பரிசுக்காகச் செய்யும் செயல் அல்ல, அது ஒரு உணர்வு. வெடிச்சத்தத்தில் நடுங்கும் நாய் உங்கள் மடியில் ஒளிய வந்தால் ஒளிய விடுங்கள்.

பயத்தைக் குறைக்கும் வழி அந்த முடிச்சையே மாற்றிப் போடுவது. வெடிச்சத்தப் பதிவு ஒன்றை போனில் வைத்து, நாய் காதை மட்டும் திருப்பும் அளவுக்கு மிக மெதுவாக ஒலிக்கவிடுங்கள். சத்தம் கேட்ட உடனே அவித்த கோழித்துண்டு. சத்தம் நின்றால் கோழியும் நின்றது. வரிசை முக்கியம், முதலில் சத்தம், பிறகு கறி. மாற்றிச் செய்தால் கறியைப் பார்த்ததும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். சில நாள் கழித்து ஒரு புள்ளி சத்தம் கூட்டுங்கள். நாய் சாப்பிட மறுத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள். ஐப்பசியில் வரும் தீபாவளிக்கு ஆடியிலேயே ஆரம்பிப்பது நல்லது, முந்தின நாள் ஆரம்பித்துப் பயனில்லை. ரொம்பவே பயப்படும் நாய்க்கு அன்றைக்கு மட்டும் கொடுக்க மருந்துகள் இருக்கின்றன, அதை டாக்டர் எழுதித் தரட்டும், வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆக, செயல் என்றால் பலனைப் பாருங்கள், பயம் என்றால் முடிச்சைப் பாருங்கள். குரைப்பு ஒன்றேகூட ஒரு நாய்க்குக் கேட்டு வாங்கும் வழியாகவும் இன்னொன்றுக்குப் பயமாகவும் இருக்கும். எது எது என்று தெரிய அதன் உடம்பைப் படிக்க வேண்டும்.

உடம்பு பேசுவது

வாலாட்டினால் சந்தோஷம் என்பது பாதிதான் உண்மை. இடுப்போடு சேர்ந்து தளதளவென்று ஆடும் வால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே தூக்கி வேகமாகத் துடித்தால் அது தள்ளி நில் என்பது. (2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள், எஜமானரைப் பார்க்கும்போது வால் நாயின் வலப்பக்கமாகவும், மிரட்டும் அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கமாகவும் கூடுதலாகச் சாய்கிறது என்று கண்டார்கள். கண்ணால் பார்த்துப் பிடிப்பது கஷ்டம், ஆனாலும் ஆச்சரியம்தான்.)

சங்கடத்தில் இருக்கும் நாய் முதலில் சின்னச் சின்னதாகச் சொல்லும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி. சாப்பாடு இல்லாத இடத்தில் உதட்டை நக்குவது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. குளிக்காமலேயே உடம்பை உதறுவது. கடைசியாக, அசையாமல் உறைந்து நிற்பது. குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோக்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள், "எவ்வளவு பொறுமை" என்று நாம் சொல்லும் பல படங்களில் நாய் விலகப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

இத்தனையும் காதில் விழாதபோதுதான் உறுமல். உறுமலுக்கு அடிப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அடித்தால் உறுமல் நிற்கும், ஆனால் அதன் பின்னால் இருந்த பயமோ வலியோ அப்படியே இருக்கும். "திடீரென்று கடித்துவிட்டது, ஒரு சத்தம்கூட இல்லை" என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு எச்சரிக்கக் கூடாது என்று யாரோ அடித்துக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். சாப்பிடும் தட்டுக்குள் கைவிடும் பயிற்சியும் அப்படியே, உங்கள் கை வந்தால் சாப்பாடு போகும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் பக்கத்தில் போகும்போதெல்லாம் தட்டில் இருப்பதைவிட நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். கொஞ்ச நாளில் நீங்கள் வருவதைப் பார்த்தாலே அதற்கு நல்ல செய்தி. (ஏற்கெனவே தட்டருகே உறுமும் நாய் என்றால் தள்ளி நின்றே போடுங்கள், குழந்தைகளை இதில் சேர்க்காதீர்கள்.)

அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சி முகம். வீட்டுக்கு வந்து பார்த்தால் செருப்பு கிழிந்து கிடக்கிறது, நாய் தலையைத் தொங்கப்போட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறது, "செய்தது தப்பென்று அதற்கே தெரியும்" என்கிறோம். 2009ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்தார். நாய் நிஜமாகத் தின்பண்டத்தைத் திருடியதா என்பது எஜமானர்களுக்குத் தெரியாது, அவர்களிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்பட்டது. அந்த முகம் நாய் திருடியதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்தே வந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது உங்கள் கோபத்தைத் தணிக்க நாய் காட்டும் பணிவு. மூன்று மணி நேரத்துக்கு முன் கிழித்த செருப்பும் இப்போது விழும் அடியும் அதன் கணக்கில் சேராது. மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் இதே வகை, உங்கள் கண் முன்னால் போகக் கூடாது என்று மட்டும்தான் புரியும், பிறகு பீரோவுக்குப் பின்னால் போகும்.

அடித்தால் கேட்கிறதே?

கேட்கும். அடித்தால் நாய் ஒன்றும் செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த நிமிடம் நின்றுவிடுகிறது, அதனால் அடித்தவருக்கு வலுவூட்டல் கிடைத்துவிடுகிறது, அடுத்த முறையும் கை அங்கேதான் போகிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அடி சொல்வதில்லை. வலி எதோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பதும் உங்கள் கையில் இல்லை. தெருவில் ஒரு குழந்தையைப் பார்த்துத் துள்ளும் நாயின் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறீர்கள், கழுத்து வலிக்கிறது. "துள்ளியதால் வலி" என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க, "குழந்தை வந்தால் வலி" என்று அது படித்திருக்கலாம்.

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்து 2020ல் வெளியான ஆய்வில், கடுமையான முறையில் பழக்கிய பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிகம் கொட்டாவி விட்டன, அதிகம் உதடு நக்கின, மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் ஹார்மோனும் அவற்றின் எச்சிலில் கூடியிருந்தது. கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது.

மென்மையான பயிற்சி என்றால் எது செய்தாலும் விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. செருப்பை அலமாரியில் வைத்து மூடுவது, சமையலறைக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு போடுவது, விருந்தாளி வரும்போது கயிற்றில் பிடித்துக்கொள்வது, கெட்ட பொத்தானை அழுத்தவே வாய்ப்பில்லாமல் செய்வது பாதி வேலை. மீதி, நீங்கள் விரும்பும் பொத்தானை வேலை செய்ய வைப்பது.

செய்து பார்க்க இரண்டு

முதலில், ஆள் மேல் தாவுவது. தாவாதே என்று நாய்க்குக் கற்றுக்கொடுக்க முடியாது, அதற்குப் பதில் என்ன என்று கற்றுக்கொடுக்கலாம். நாலு காலும் தரையில் இருக்கும் அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லுங்கள், ஒன்றிரண்டு நொடிக்குள் நிலக்கடலை அளவில் ஒரு துண்டு தரையருகே கொடுங்கள். சபாஷ் என்பது இங்கே குறிச்சொல், அதாவது எந்த நொடிக்குப் பரிசு என்று காட்டும் அடையாளம். வேறு எந்தச் சொல்லும் ஆகும், எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னால் போதும். தாவினால் திட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், மரம் மாதிரி திரும்பி நின்றுகொள்ளுங்கள். மூன்று, நாலு நிமிடம் போதும், அதற்கு மேல் இரண்டு பேருக்குமே சலிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் இவை நாய்க்கு விஷம், பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது "வா". இதைத்தான் நாம் அதிகம் கெடுத்து வைத்திருக்கிறோம். குளிப்பாட்ட வா, கட்டிப்போட வா, விளையாடியது போதும் வா, திட்டு வாங்க வா. வந்தால் நல்லதே நடக்காத சொல்லுக்கு யார் வருவார்கள்? புதிதாக ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் ஆரம்பியுங்கள், ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள், வந்தால் அன்றைய நாளின் மிக நல்ல துண்டு. பிறகு மொட்டை மாடி, பிறகு நீளக் கயிற்றோடு மைதானம். பிடிக்காத வேலைக்கு அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடுவதைக் கண்ணால் பார்த்துத் துரத்தவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் அது. முயலோ பூனையோ ஓடினால் உங்கள் குரல் காதில் விழாமல் போவது திமிர் இல்லை. வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஏறாது என்பவர்களுக்காக: கொல்கத்தாவில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வருடக்கணக்கில் ஆராய்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள் மனிதர் கைநீட்டிக் காட்டும் பாத்திரத்தைப் புரிந்துகொண்டு போகின்றன. முன்பின் தெரியாத மனிதரைத் தெருநாய் நம்புவதற்கு, திரும்பத் திரும்பச் சாப்பாடு போடுவதைவிடத் தடவிக் கொடுப்பது அதிகம் உதவியது என்று 2017ல் அவர்கள் எழுதினார்கள்.

குட்டி வாங்கும் முன்

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரை குட்டியின் மூளை "இவை எல்லாம் உலகத்தில் சாதாரணம்" என்று பட்டியல் போடும் காலம். ஹெல்மெட் போட்டவர், குடை, மிக்ஸி சத்தம், தாடி வைத்தவர், பள்ளிக் குழந்தைகள், மாடு, எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்க்கட்டும். தடுப்பூசி முடியவில்லை என்றால் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, 2017ன் மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தன் அம்மாவோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்துதான் கற்றுக்கொள்கிறது.

நல்ல குணமாக இருந்த நாய் திடீரென்று மாறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி எல்லாம் வெளியே கோபமாகத்தான் தெரியும். பயிற்சியாளரிடம் போவதாக இருந்தால் ஒரே கேள்வி போதும், நாய் தப்பாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலில் கழுத்தை இறுக்கும் சோக் செயினோ "பயம் இருக்கணும் சார்" என்பதோ வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போங்கள், ரெடி பண்ணித் தருகிறோம், நடுவில் வந்து பார்க்கக் கூடாது என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.